தெஸ்கோகோவின் தாயாதிச் சண்டையும் ஆஸ்டெக் வீழ்ச்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, ஆஸ்டெக் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். பதினாறாம் நூற்றாண்டு மெக்சிக்கோவுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்காக என் மகிழ்ச்சியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் அக்கட்டுரையின் இரண்டு கூற்றுகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. எர்னான் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியத் தளபதி ஐந்நூறு வீரர்களையும் பதினாறு குதிரைகளையும் கொண்டு ஒரு பேரரசையே வீழ்த்தினார் என்பது ஒன்று. அவருக்குத் துணைநின்ற உள்ளூர் மக்கள் தங்கள் தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்பது மற்றொன்று. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். முதல் கூற்றை நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிவந்தவன் என்பதால், அதைத் திருத்த வேண்டிய கடமை எனக்கும் உண்டு என்று கருதியே இக்கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

கட்டுரை 'ஆஸ்டெக் நாடு' என்று குறிப்பிடும் பொருளில் அங்கே ஒரு நாடு இருக்கவில்லை. மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் ஏரிகளைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் பல ஊரரசுகள் இருந்தன. நாவாட்ல் மொழியில் ஊரரசுக்கு 'அல்தெபெத்ல்' என்று பெயர். நீர், மலை என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. ஒவ்வொன்றுக்கும் தனித் தெய்வமும் தனிக் கோயிலும் தனி அரச மரபும் இருந்தன. அரசனை 'த்லாதோவானி' என்றார்கள். பேசுபவன் என்பது அதன் பொருள். தெனோச்தித்லான், தெஸ்கோகோ, த்லாகோபான் ஆகிய மூன்று ஊரரசுகளும் 1428இல் செய்துகொண்ட கூட்டணியைத்தான் நாம் இன்று ஆஸ்டெக் பேரரசு என்று அழைக்கிறோம். வென்ற ஊர்களின் மண்ணை இக்கூட்டணி பொதுவாகத் தானே நேரடியாக ஆளவில்லை. அந்தந்த ஊரின் பழைய மரபையே அரியணையில் இருத்திவைத்துத் திறை வாங்கிக்கொண்டது. இணங்காத இடத்தில், அதே மரபில் தனக்கு வேண்டியவர் ஒருவரைத் தேடிப் பட்டத்தில் ஏற்றியது. ஆகவே அங்கே ஆட்சி என்பதே பெரும்பாலும் எந்த ஊரின் பட்டத்துக்கு எந்த மகன் வருவது என்ற கேள்வியாக இருந்தது.

இக்கூட்டணியின் பிறப்பே ஒரு வாரிசுச் சண்டையில்தான் நிகழ்ந்தது. அதற்கு முன் பள்ளத்தாக்கில் மேலோங்கியிருந்தது அஸ்கபொட்சால்கோ. அதன் முதிய அரசர் தெசோசோமோக் 1426இல் இறந்தபோது, அவர் குறித்துவைத்த மகனை ஒதுக்கித் தள்ளிவிட்டு மாஷ்த்லா என்ற இன்னொரு மகன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழப்பத்தில் தெனோச்தித்லானின் அரசர் உயிரிழந்தார். தெஸ்கோகோவின் அரசர் அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்னரே, 1418இல், அஸ்கபொட்சால்கோவின் ஆட்களால் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய மகன் நெசவால்கோயோட்ல் சிறுவயதிலேயே ஊரைவிட்டு ஓடி ஒளிந்து வாழ்ந்தவர். பின்னாளில் கவிஞராகவும் சட்டம் வகுத்தவராகவும் புகழ்பெற்றவர் அவர்தான். அவர் தந்தையின் இடத்தை மீட்டது தன் ஊர்ப் படையை மட்டும் கொண்டு அன்று. மலைகளுக்கு அப்பால் கிழக்கே இருந்த த்லாஸ்கலா, வெஷோட்சிங்கோ ஆகிய ஊரரசுகளின் படைகளை அழைத்துக்கொண்டு வந்துதான் அவர் தெஸ்கோகோவுக்குள் நுழைந்தார். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் செய்ததை இதைக் கொண்டுதான் அளக்க முடியும்.

வாரிசுச் சண்டை இவ்வளவு மலிந்திருந்ததற்குக் காரணம் அவர்களின் குடும்ப அமைப்பு. அரசர்கள் பல ஊர்களிலிருந்து பெண் எடுத்தார்கள். ஒவ்வொரு திருமணமும் ஓர் உடன்படிக்கையாக இருந்தது. அதனால் ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளுக்கு வெவ்வேறு தாய்வீடுகள் இருந்தன. ஒவ்வொரு தாய்வீட்டின் பின்னும் ஒரு படை இருந்தது. மூத்தவனுக்கே பட்டம் என்ற உறுதியான விதியும் கிடையாது. தெனோச்தித்லானில் பிரபுக்கள் கூடி, அரச குலத்து ஆண்களுள் தகுதியானவர் என்று தாங்கள் கருதியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அங்கே அண்ணனுக்குப் பின் தம்பி, அவருக்குப் பின் மற்றொரு தம்பி என்று பட்டம் நகர்ந்துகொண்டே சென்றது. தெஸ்கோகோவில் தந்தைக்குப் பின் மகன் என்பது வழக்கம். ஆனால் தெனோச்தித்லான் அரசகுலத்துப் பெண்ணின் வயிற்றில் பிறந்த மகனுக்கே முன்னுரிமை. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. தாய்மாமன் வலிமையுள்ளவனாக இருந்தால் மருமகன் எங்கே உட்காருவான் என்பது நமக்குத் தெரியும்.

தெஸ்கோகோவில் 1515இல் நடந்தது இதுதான். நெசவால்கோயோட்லின் மகன் நெசவால்பில்லி 1472இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டவர். அவருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்ததாகத் தெஸ்கோகோ மரபு சொல்கிறது. அவருடைய காலத்திலேயே தெனோச்தித்லானுடனான உறவு கசந்துபோயிருந்தது. அங்கிருந்து வந்த மனைவி ஒருத்திக்குப் பிறனோடு தொடர்பு இருந்தது என்று அவர் மரண தண்டனை விதித்தார் என்றும், தன் மூத்த மகனையே சட்டத்தை மீறியதற்காகக் கொல்லச் செய்தார் என்றும் அம்மரபு கூறுகிறது. தனக்குப் பின் யார் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லாமலேயே இறந்தார். உடனே தெனோச்தித்லானின் அரசர் இரண்டாம் மொக்டெசுமா தலையிட்டார். தன் உடன்பிறந்தவளின் மகனான ககாமாவைப் பட்டத்தில் அமர்த்த வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தெஸ்கோகோப் பிரபுக்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்போது இருபது வயதையும் எட்டாத இன்னொரு மகன் இஷ்த்லில்ஷோச்சித்ல் அதை ஏற்கவில்லை. வேறொரு மனைவியின் மகன் அவர். மொக்டெசுமா தெஸ்கோகோவைத் தன் கைப்பிள்ளையின் வழியாக விழுங்கப் பார்க்கிறார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டிவிட்டு, வடக்கே மலைநாட்டு ஊரரசான மெட்ஸ்தித்லானுக்குச் சென்று படை திரட்டிக்கொண்டு திரும்பிவந்து, ஓதும்பா என்ற ஊரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார்.

தெஸ்கோகோ நகருக்குள் அவர் நுழையவில்லை. அவரை வெளியேற்றும் வலிமை மற்றவர்களுக்கும் இருக்கவில்லை. கடைசியில் பங்கு பிரித்தார்கள். ககாமாவுக்குத் தெஸ்கோகோ நகரும் பட்டமும், இஷ்த்லில்ஷோச்சித்லுக்கு வடபகுதி ஊர்களும், கோவானகோச் என்ற மற்றொரு சகோதரருக்கு வருவாயில் ஒரு பங்கும் கிடைத்தன. கோர்ட்டெஸ் கரையிறங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, மூவர் கூட்டணியின் இரண்டாவது பெரிய தூண் இவ்வாறு நடுவில் பிளந்துவிட்டது. தங்கள் கட்டுரையில் இந்த ஆண்டும் இல்லை, இந்தப் பெயர்களும் இல்லை. இவற்றை விட்டுவிட்டு எழுதினால், பின்னால் நடந்தவை எல்லாம் ஸ்பானியர்களின் அறிவுக்கூர்மையாகத் தோன்றிவிடும்.

1519 ஏப்ரலில் ஸ்பானியர்கள் கரையிறங்கியதையும், கரையோர ஊரரசான செம்போவாலாவின் அரசர் திறைச் சுமையைப் பற்றி முறையிட்டு அவர்களோடு சேர்ந்ததையும் கட்டுரை சரியாகவே சொல்கிறது. அதனால் அதை விரிக்கவில்லை. த்லாஸ்கலாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். தெனோச்தித்லானின் முற்றுகையில் பல்லாண்டுகளாக உப்பும் பருத்தியும் கிடைக்காமல் வாழ்ந்த ஊரரசு அது. அதற்கு மொக்டெசுமாமீது கடன்பட்ட விசுவாசம் எதுவும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அது ஸ்பானியர்களை வரவேற்கவில்லை. 1519 செப்டம்பரில் அவர்களோடு கடுமையாகப் போரிட்டது. அங்கே நான்கு அரச வீடுகள் சேர்ந்து ஆண்டன. தித்சாத்லான் வீட்டின் இளைய ஷிகோதெங்காத்ல் போரைத் தொடரவேண்டும் என்றார். ஒகோதெலோல்கோ வீட்டின் மாஷிஷ்காட்சின் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்றார். இரண்டாமவரின் பேச்சு எடுபட்டது. அடுத்த ஆண்டு தோற்று ஓடிவந்த ஸ்பானியர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதா, தெனோச்தித்லானின் தூதர்கள் சொல்வதைக் கேட்டு அவர்களைத் தீர்த்துக்கட்டுவதா என்ற கேள்வி எழுந்தபோதும் இந்த இருவரே எதிரெதிராக நின்றார்கள். வாக்குவாதம் முற்றி ஷிகோதெங்காத்ல் படியிலிருந்து தள்ளப்பட்டதாகக் கூட அக்காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு விவாதம் வேறு வழியில் முடிந்திருந்தால், கோர்ட்டெஸின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். 1521இல் முற்றுகைப் படையைவிட்டு விலகிச் சென்றதற்காக இளைய ஷிகோதெங்காத்லைக் கோர்ட்டெஸ் தூக்கிலிட்டார்.

1519 நவம்பர் 8 அன்று கோர்ட்டெஸ் தெனோச்தித்லானுக்குள் நுழைந்தார்; சில நாட்களிலேயே மொக்டெசுமாவைச் சிறைப்படுத்தினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், மொக்டெசுமாவால் பட்டம் பெற்ற அதே ககாமா, ஸ்பானியர்களை நகரைவிட்டு விரட்டப் படை சேர்க்க முயன்றார். அவரை மடக்கியது ஸ்பானியப் படை இல்லை. தெஸ்கோகோவிலேயே மொக்டெசுமாவின் ஊதியம் பெற்ற ஆட்கள் இருந்தார்கள். அடியில் படகு நுழையும்படி ஏரிமேல் கட்டப்பட்ட ஒரு வீட்டில் ககாமாவைக் கலந்தாலோசனைக்கு அழைத்து, அங்கேயே பிடித்துப் படகில் ஏற்றித் தெனோச்தித்லானுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். தாய்மாமன் கொடுத்த பட்டத்தைத் தாய்மாமனின் ஆட்களே பறித்தார்கள். அவ்விடத்தில் கோர்ட்டெஸ், மொக்டெசுமாவின் ஒப்புதலோடு, குவிகுயிட்ஸ்கா என்ற இன்னொரு சகோதரரை அமர்த்தினார். 1520 ஜூன் 30 இரவில் ஸ்பானியர்கள் நகரிலிருந்து தப்பியோடியபோது ககாமாவும் உயிரோடு மிஞ்சவில்லை. தெஸ்கோகோ மக்கள் கோவானகோச்சை அரசராக ஏற்றார்கள். ஸ்பானியர்களோடு த்லாஸ்கலாவுக்குப் போயிருந்த குவிகுயிட்ஸ்கா அங்கிருந்து நழுவித் தன் ஊருக்குத் திரும்பியபோது, உளவு பார்க்க வந்தவன் என்று கோவானகோச் அவரைக் கொல்லச் செய்தார். ஐந்தே ஆண்டுகளில் ஒரு தந்தையின் மூன்று மக்கள் ஒருவர்பின் ஒருவராக ஓர் அரியணையில் ஏறினார்கள். நான்காமவர் வடக்கே ஓதும்பாவில் காத்திருந்தார்.

இதற்கிடையே 1520இன் பிற்பகுதியில் பெரியம்மை பரவியது. மொக்டெசுமா இறந்தபின் பட்டமேற்ற அவருடைய தம்பி குயிட்லாவக் ஏறத்தாழ எண்பது நாட்களில் அந்நோயால் இறந்தார்; த்லாஸ்கலாவின் மாஷிஷ்காட்சினும் இறந்தார். நோய் மக்களைக் கொன்றதைத் தங்கள் கட்டுரை உருக்கமாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அது அரியணைகளையும் காலியாக்கியது என்பதைச் சொல்லவில்லை. அரசர் இறந்த ஊர்களில் எல்லாம் யார் வாரிசு என்ற சண்டை ஒரே நேரத்தில் எழுந்தது; அதைத் தீர்த்துவைக்கும் உரிமையைத் தெனோச்தித்லானின் கையிலிருந்து கோர்ட்டெஸ் எடுத்துக்கொண்டார். அவர் வென்றெடுத்தவற்றில் மிகப் பெரியது இந்த உரிமைதான் என்பது என் கருத்து.

இட்ஸோகான் என்ற ஊரின் வழக்கைக் கோர்ட்டெஸே தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அவ்வூரின் மரபுவழி அரசரை மொக்டெசுமா முன்பே கொன்றுவிட்டு, தனக்கு வேண்டிய ஒருவருக்குத் தன் குடும்பத்துப் பெண்ணைக் கொடுத்து அங்கே ஆளவைத்திருந்தார். 1520இன் பிற்பாதியில் ஸ்பானியர்களும் அவர்களின் கூட்டாளிகளும் ஊரைப் பிடித்தபோது அவர் தெனோச்தித்லானுக்கு ஓடிவிட்டார். உடனே இரண்டு உரிமையாளர்கள் தோன்றினார்கள். ஒருவர், கொல்லப்பட்ட அரசருக்கு முறைப்படி மணம் செய்யாத பெண்ணிடம் பிறந்த மகன். மற்றவர், அவ்வரசரின் முறையான மகளைப் பக்கத்து ஊரான குவாகெச்சூலாவின் அரசருக்குக் கொடுத்ததில் பிறந்த பேரன், வயது பத்து. ஊர்ப் பிரபுக்கள் கோர்ட்டெஸின் முன் வாதாடிப் பேரனுக்கே பட்டம் என்று முடிவுசெய்தார்கள். சிறுவன் வளரும்வரை அந்த மற்ற மகனும், இட்ஸோகானின் பிரபுக்கள் இருவரும், குவாகெச்சூலாவைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து ஆட்சியைப் பார்த்துக்கொள்வது என்றும் ஏற்பாடாயிற்று. இந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு கூறும் உள்ளூர் வழக்கத்தைச் சேர்ந்தது: தாய்வழி உரிமை, பக்கத்து ஊரின் பங்கு, தோற்றவருக்கும் ஓர் இடம். மாறியிருந்தது முத்திரை வைக்கும் கை ஒன்றுதான். ஊர்ப் பிரபுக்கள் எவரும் தாங்கள் ஒரு கண்டத்தை அந்நியருக்கு எழுதிக்கொடுப்பதாக நினைத்திருக்க வழியில்லை. ஏரியின் தென்கிழக்கே சால்கோவிலும் இவ்வாறே நடந்தது. அம்மையில் இறந்த அரசரின் மக்கள் இருவரும் 1521இன் தொடக்கத்தில் கோர்ட்டெஸிடம் வந்து தங்கள் பட்டத்தை உறுதி செய்துகொண்டார்கள். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் தெனோச்தித்லானிடம் தோற்று, இருபது ஆண்டுகள் வரை சொந்த அரசரே இல்லாமல் வைக்கப்பட்டிருந்த ஊர் சால்கோ என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1520 டிசம்பர் 31 அன்று கோர்ட்டெஸ் தெஸ்கோகோவுக்குள் போரின்றி நுழைந்தார். கோவானகோச் அன்றிரவே தன் ஆட்களோடு படகுகளில் ஏரியைக் கடந்து தெனோச்தித்லானுக்குப் போய்விட்டார். அடுத்த சில நாட்களில் சுற்றுப்புற ஊர்களான கோவாட்லிஞ்சான், வெஷோத்லா, அதெங்கோ ஆகியவற்றின் தலைவர்கள் வந்து பணிந்தார்கள். காலியான இருக்கையில் தெகோகோல் என்ற மற்றொரு சகோதரர் அமர்ந்தார். அவரும் விரைவிலேயே இறந்தார். அதன்பின் களத்தில் மேலோங்கியவர், 1515 முதல் காத்திருந்த இஷ்த்லில்ஷோச்சித்ல்.

தெஸ்கோகோ யார் பக்கம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று வாசகர் கேட்கலாம். தெனோச்தித்லான் ஏரி நடுவே இருந்த நகரம். படகுகள் இல்லாமல் அதை முற்றுகையிட முடியாது. பதின்மூன்று பாய்க்கப்பல்களுக்கான மரம் த்லாஸ்கலாவில் வெட்டி இழைக்கப்பட்டு, எண்ணாயிரம் சுமையாட்களின் தோள்களில் மலை கடந்து தெஸ்கோகோவுக்கு வந்தது; அவ்வரிசை நகருக்குள் நுழைந்து முடிய ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று என்று கோர்ட்டெஸ் எழுதுகிறார். அக்கப்பல்களைப் பாதுகாப்பாகப் பூட்டி ஏரியில் இறக்க ஒரு கால்வாய் தேவைப்பட்டது. அதைத் தெஸ்கோகோ நாட்டு மக்கள் நாளொன்றுக்கு எண்ணாயிரம் பேராக ஐம்பது நாட்கள் வெட்டினார்கள். 1521 ஏப்ரல் 28 அன்று கப்பல்கள் அதன் வழியே ஏரிக்குள் இறங்கின. தங்கள் கட்டுரை இக்கப்பல்களைப் 'கோர்ட்டெஸின் கடற்படை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தக் கால்வாயை வெட்டிய கைகளும், அவர்களுக்குச் சோளம் கொடுத்த வயல்களும், அவற்றை ஏவிய அதிகாரமும் தெஸ்கோகோவினுடையவை. கிழக்குக் கரை பகையாக இருந்திருந்தால் முற்றுகையே தொடங்கியிருக்காது.

முற்றுகையின்போது ஸ்பானியர்கள் சுமார் 900 பேர். இஷ்த்லில்ஷோச்சித்ல் மட்டுமே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு வந்ததாகக் கோர்ட்டெஸ் கணக்குத் தருகிறார். எண்ணிக்கை மிகையாகவே இருந்தாலும், கோர்ட்டெஸுடைய படையின் பெரும்பகுதி நாவாட்ல் மொழி பேசியது என்பதில் ஐயமில்லை. கோர்ட்டெஸ் அதே கடிதத்தில், தங்கள் உறவினர்களும் அண்ணன் தம்பிகளுமே எதிரே நிற்பதைக் கண்ட தெனோச்தித்லான் மக்கள் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று அரசரை எண்ணிப்பார்க்கச் சொல்கிறார்.

முற்றுகைக்குள் இருந்த நகரிலும் ஒற்றுமை முழுமையாக இல்லை. குயிட்லாவக்குக்குப் பின் அரசரான குவாவ்தெமோக், மொக்டெசுமாவின் மகனல்லர். மொக்டெசுமாவுக்கு முன் ஆண்ட அவூயிட்சோத்லின் மகன், தெனோச்தித்லானை ஒட்டியிருந்த இரட்டை நகரான த்லாதெலோல்கோவோடு நெருங்கிய தொடர்புடையவர். அரச குலத்தின் ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்குப் பட்டம் திரும்பியது. தன் உரிமையை வலுப்படுத்திக்கொள்ள அவர் மொக்டெசுமாவின் மகளும் குயிட்லாவக்கின் கைம்பெண்ணுமான தெகுயிச்போவை, அவள் இன்னும் சிறுமியாக இருக்கும்போதே, மணந்துகொண்டார். அந்த மாதங்களில் நகருக்குள் நடந்த உட்பகையில் மொக்டெசுமாவின் புதல்வர்கள் சிலர் கொல்லப்பட்டதை த்லாதெலோல்கோவின் ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. குவாவ்தெமோக்கின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுபது நாட்களுக்கும் மேலாகப் பசியிலும் உப்புத் தண்ணீரிலும் நின்று போராடிய அந்த நகரத்தைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தது. அதன்பின் கோர்ட்டெஸின் முன் மூன்று அரசர்கள் கொண்டுவரப்பட்டதை, பின்னாளில் சகாகூன் என்ற துறவியின் மேற்பார்வையில் நாவாட்ல் மொழியில் எழுதப்பட்ட தொகுப்பு விவரிக்கிறது: தெனோச்தித்லானின் குவாவ்தெமோக், தெஸ்கோகோவின் கோவானகோச், த்லாகோபானின் தெத்லெபான்கெட்சால். கோவானகோச் உடுத்தியிருந்தது பூவேலை ஓரமிட்ட எளிய கற்றாழைநார் மேலாடை. அது மிகவும் அழுக்கேறியிருந்தது என்று சொன்னவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். 1428இல் கூடிய மூன்று ஊர்களும் அன்று கைதிகளாகக் கூடின. தெஸ்கோகோவின் ஒரு மகன் அந்த வரிசையில் இருந்தார். மற்றொரு மகன் வென்றவர்களின் பக்கம் இருந்தார்.

இனிக் 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். தனக்கு உரியதென்று நம்பிய இடத்தைப் பெற வெளியூர்ப் படையை அழைத்துக்கொண்டு வருவது தெஸ்கோகோவின் மரபில் இழிவான செயலாக இருக்கவில்லை. நெசவால்கோயோட்ல் த்லாஸ்கலாவின் படையோடு வந்ததைப் பெருமையாகப் பாடிய ஊர் அது. அவருடைய பேரன், அஸ்கபொட்சால்கோவால் கொல்லப்பட்ட கொள்ளுத்தாத்தாவின் பெயரையே தாங்கிய இஷ்த்லில்ஷோச்சித்ல், அதே த்லாஸ்கலாவின் படையோடும் கூடவே வந்த ஒரு புதிய கூட்டத்தோடும் சேர்ந்து, தன் ஊரின் பட்டத்தில் தலையிட்ட ஒரு வல்லரசை வீழ்த்தினார். அவர் கண்ணில் தெரிந்தது பாட்டனின் வழி. முன்பு உதவிக்கு வந்த படைகள் கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பின. இந்தப் புதிய கூட்டம் திரும்பவில்லை. 1520இல் அதை முன்னறியும் வாய்ப்பு யாருக்கு இருந்தது? 'மெக்சிக்கோ' என்ற ஒரே தாய்நாடு அன்று இல்லாதபோது, அதற்கு அவர் இழைத்த துரோகம் என்று ஒன்றைச் சொல்வது, பின்னாளில் உருவான நாட்டின் அளவுகோலை முன்னாளின் மனிதர்மீது வைப்பதாகும்.

இப்படிச் சொல்வதால் ஸ்பானியர்களின் கொடுமை குறைந்துவிடாது. சோலுலாவில் நிராயுதபாணிகளாகக் கூடியவர்களை வெட்டியதும், 1520 மே மாதத்தில் தோஷ்காத்ல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கோயில் முற்றத்திலேயே கொன்றதும் அவர்களின் கணக்கில்தான் இருக்கின்றன. உள்ளூர்ப் பூசலைக் காரணம் காட்டி வெற்றி பெற்றவரை விடுவிக்கும் வழக்கத்தை நானும் வெறுக்கிறேன். நான் கேட்பது, அம்மக்களையும் தங்களுக்கென்று கணக்கும் விருப்பும் வெறுப்பும் கொண்ட அரசியல் மனிதர்களாகப் பாருங்கள் என்பதுதான். கோர்ட்டெஸைத் தெய்வமென்று எண்ணி ஏமாந்தார்கள் என்று தங்கள் கட்டுரை திரும்பச் சொல்லும் கதை, தோல்விக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவற்றில்தான் உருப்பெறுகிறது. செம்போவாலாவிலும் த்லாஸ்கலாவிலும் தெஸ்கோகோவிலும் பேரம் பேசியவர்கள் தெய்வத்தோடு பேசுவதாக நடந்துகொள்ளவில்லை.

கூட்டாளிகள் பெற்ற பலனையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். த்லாஸ்கலா தன் சேவையைக் காட்டித் தனி உரிமைகளைக் கேட்டு ஓரளவு பெற்றது. வெஷோட்சிங்கோவின் ஊர்ச்சபை 1560இல் ஸ்பானிய அரசருக்கு நாவாட்ல் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதியது. த்லாஸ்கலர்களாவது முதலில் உங்களோடு போரிட்டார்கள், நாங்கள் ஒருபோதும் போரிடவில்லை, உணவும் ஆளும் தந்து உடன் நின்றோம், அப்படியிருக்க 14,800 பெசோக்களும் அதே அளவு மூட்டைச் சோளமும் எங்கள்மீது திறையாக விதித்தது ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். தெஸ்கோகோவின் கதை இன்னும் துயரமானது. நெசவால்பில்லியின் இன்னொரு மகன் தோன் கார்லோஸ், 1539இல் தன் அண்ணன் இறந்தபின் பட்டத்துக்கு உரிமை கோரியவர். உடன்பிறந்தவள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குச் சென்று, நம் முன்னோர் வழியை நாம் ஏன் விட வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது பாதிரியார்களின் விசாரணைக்குப் புகாராகப் போனது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களுள் சொந்தக் குடும்பத்தாரும் இருந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் மெக்சிக்கோ நகரில் அவர் எரிக்கப்பட்டார். கோர்ட்டெஸுக்குக் கால்வாய் வெட்டிக்கொடுத்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

இஷ்த்லில்ஷோச்சித்லைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவருடைய வழித்தோன்றலும் அதே பெயரைத் தாங்கியவருமான ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்ததிலிருந்து வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தன் மூதாதை இன்றி கோர்ட்டெஸ் எதையும் சாதித்திருக்க முடியாது, ஆனால் கோர்ட்டெஸ் அந்த நன்றியை மறந்தார் என்று அவர் மனம் நொந்து எழுதினார். குடும்ப உரிமைக்கான வழக்கும் அதில் கலந்திருக்கிறது. ஆயினும் கால்வாயையும் படையெண்ணிக்கையையும் கோர்ட்டெஸின் சொந்தக் கடிதங்களே உறுதிப்படுத்துவதால், முதன்மையான செய்தியில் தயங்க வேண்டியதில்லை.

கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட வரைபடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதில் ஏரி நடுவே தெனோச்தித்லான் பெரிய எழுத்தில் இருக்கிறது; வெராகுருஸ் கரையிலிருந்து கோர்ட்டெஸ் வந்த வழி சிவப்புக் கோடாக வரையப்பட்டிருக்கிறது. ஏரியின் கிழக்குக் கரை வெறுமையாக விடப்பட்டுள்ளது. இத்தொடரின் அடுத்த பகுதியில் அவ்வரைபடம் மீண்டும் இடம்பெறுமானால், அக்கரையில் தெஸ்கோகோ என்ற பெயரையும், அதற்கு வடகிழக்கே ஓதும்பாவையும், தென்கிழக்கே சால்கோவையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.